ஓடும் இன்ஜினில் கழற்றிய ஒயர்

அச்சகத்தில் மெஷின் ஓட்டும் அவர், தன் பழைய காரை இருபது வருடமாக எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குக் கட்டு மாற்றும் நர்ஸான அவருடைய அக்கா, புதுக் கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"மீட்டர்ல பேட்டரி விளக்கு அப்பப்ப எரியுதுடா. என்னன்னு பாரேன்" என்றார் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

தம்பி இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றினார். பழைய காரில் அப்படித்தான் பார்ப்பார். இன்ஜின் நிற்காமல் ஓடினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். இந்தக் காரில் விளக்குகள் மொத்தமும் ஒருமுறை பளிச்சென்று எரிந்து அணைந்தன; இன்ஜினும் நின்றுவிட்டது. ஒயரைத் திரும்ப மாட்டியும் கார் கிளம்பவில்லை.

அக்கா ஓடி வந்தார். "என்னடா ஆச்சு?"

"தெரியலக்கா. தானா நின்னுடுச்சு."

"போன வாரம் பிரேக் மாத்துனானே, அவன்தான் எதையோ நோண்டியிருக்கான்!" அக்கா அங்கேயே போனை எடுத்து மெக்கானிக்கைக் காய்ச்சி எடுத்தார். தம்பி பக்கத்தில் நின்று, அழுக்கே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கார் பட்டறைக்குப் போனது. திங்கள் அக்காவால் வேலைக்குப் போக முடியவில்லை. செவ்வாய் தம்பி லீவு போட்டு ஸ்கூட்டரில் கூட்டிப்போனார். முதல் வீட்டில், காலில் புண்ணோடு இருந்த தையல்காரர், "நேத்து முழுக்க வாசலையே பார்த்துட்டிருந்தேன் சிஸ்டர்" என்றார். கட்டு நனைந்து நாறியது. "ஒரு மெக்கானிக் பண்ண வேலைங்க, மன்னிச்சுக்கோங்க" என்றார் அக்கா. தம்பியால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. நேரே பட்டறைக்கு வண்டியை விட்டார்.

தூக்கமில்லாமல் மெக்கானிக்கின் கண்கள் சிவந்திருந்தன. "பிரேக்கைத் தவிர நான் எதையும் தொடலை சார். ஆனா ரெண்டு நாளா எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு."

"நீங்க இல்லீங்க, நான்தான். இன்ஜின் ஓடறப்போ பேட்டரி ஒயரைக் கழட்டினேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "பேட்டரிதான் சார் கரன்ட் எகிறாம தாங்கிப் பிடிக்கும். அதை எடுத்தா எல்லாம், இன்ஜினை ஓட்டுற கம்ப்யூட்டர் மேல பாயும்; பழைய வண்டியில அது கிடையாது. முதல்ல இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, அப்புறம்தான் நெகட்டிவ் ஒயர்ல கை வைக்கணும்." ஸ்பேனரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

சாயங்காலம் தம்பி அக்காவிடமும் சொன்னார். அக்கா கத்தவில்லை. "கார் போனா போகுது. அந்த மனுஷனை நான் வாய்க்கு வந்தபடி பேசறப்போ, பக்கத்துல நின்னு கேட்டுட்டுத்தானேடா இருந்தே?"

மறுநாள் அக்கா தானே பட்டறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வந்து, கார் ஓடுகிறது. வழியில் தம்பியைப் பார்த்தால் மெக்கானிக் எப்போதும்போலக் கையைத் தூக்குகிறார். பதிலுக்குத் தூக்கத்தான் இவருக்குக் கை வருவதில்லை.