பெண்பிள்ளை இருக்கும் வீட்டுக் கிணறு

புவியியலில் சிறப்புப் பட்டம் எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தபோது, ஊரில் எனக்கு ஒரேயொரு வேலைதான் காத்திருந்தது. வெளிநாட்டுக்குப் பிள்ளையை அனுப்பியவர்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். "பிள்ளை, உந்த நோர்வே எங்கை கிடக்கெண்டு ஒருக்காக் காட்டு" என்பார்கள். நான் அட்லசை விரித்துக் காட்டுவேன். "இவ்வளவு மேலையோ? சீ, கம்பளிச் சட்டை ஒண்டு குடுத்துவிட்டிருக்கலாம்" என்று கவலைப்பட்டுக்கொண்டு போவார்கள். சம்பளம் கிடையாது. மாம்பழக் காலத்தில் மாம்பழம் வரும்.

டாக்குத்தருக்குப் படித்தவர்களைப் பார்த்து ஊர் எழுந்து நின்றது. எஞ்சினியருக்குப் படித்தவர்களைப் பார்த்துச் சிரித்தது. என்னைப் பார்த்து, "உதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?" என்று கேட்டது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கலாம், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காகப் போகலாம் என்று நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டுக்கும் எனக்கு முன்பே பாதி யாழ்ப்பாணம் விண்ணப்பம் போட்டுவிட்டிருந்தது.

எண்பதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் எனக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஆள்விட்டுக் கூப்பிட்டார். எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. மழை பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற தண்ணீரைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். மெசின் பூட்டி அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே கிடக்கும் கடல்நீர் மேலே வந்துவிடும். அந்த உப்பு எங்கெங்கே, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கிணறு கிணறாகப் பார்க்க அவருக்கு ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் வேண்டும்.

"இது கொஞ்ச மாசத்து வேலைதான். ஆனா துறையிலை உதவி விரிவுரையாளர் இடம் ஒண்டு வரப்போகுது. உம்மடை அறிக்கை ஒழுங்கா வந்தால் அந்த இடம் உமக்கு. பிழையாப் போனால், திரும்பப் போய் சனத்துக்கு நோர்வே காட்டலாம்" என்றார். என் ஊர் உத்தியோகம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

அந்த இடம் எனக்கு வேண்டும். வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆராய்வதற்கு எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். கொக்குவிலிலிருந்து மேற்கே சைக்கிளில் போனால் கடல்நீரேரி கண்ணில் படும் இடம். வீடு வீடாகப் போய், கழுவிய சோடாப் போத்தலை நீட்டி, உங்கள் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன். இத்தனை உபசாரத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ ஏன் பிள்ளை சேலையை நனைக்கிறாய்? உதிலை இரு, நான் அள்ளிக்கொண்டு வாறன்" என்று போத்தலை வாங்கிக்கொள்வார்கள். எனக்கு முன்னால் ஒரு தட்டுப் பனங்காய்ப் பணியாரம் வரும். கிணறு வீட்டுக்குப் பின்னால் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கும். போனவர் திரும்பிவரப் பணியாரம் முழுவதும் முடிந்துவிடும். ஆராய்ச்சி நடந்த நாட்களில் நான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

முதல் சந்தேகம் வந்தது ஓர் இராணுவச் சென்றியில். சைக்கிள் கூடை நிறையப் போத்தல்களைக் கண்ட சிப்பாய் பெற்றோல் என்று நினைத்துவிட்டான். தண்ணீர் என்று நான் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. குடித்துக் காட்டு என்று சைகை காட்டினான். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு வாய் குடித்தேன். இரண்டு மூன்று வாய் உப்புக் கரித்தது. மற்றதெல்லாம் நாக்குக்கு நன்றாகப் பழகிய ஒரே தண்ணீர்: எங்கள் கோயில் கிணற்றுத் தண்ணீர். ஊரிலேயே வாயில் வைக்கக்கூடிய தண்ணீர் அதுதான். எங்கள் வீட்டுக்கும் குடிக்க அங்கிருந்துதான் அக்கா கொண்டுவருவாள். கேட்டால் அம்மா, "தேத்தண்ணிக்கு அதுதான் நிறம் பிடிக்கும்" என்பாள். ஊரில் எல்லா வீட்டுக்கும் அந்தத் தேத்தண்ணி நிறத்தில்தான் அக்கறை.

ஆய்வுகூடத்தில் அளந்து, ஊர்ப் படம் கீறி, விரிவுரையாளர் சேரிடம் கொண்டுபோனேன். உப்பு வீட்டுக்குச் சிவப்புப் புள்ளி, நல்ல தண்ணீருக்கு நீலம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். கடற்கரையோரம் முழுக்க நீலமாக இருந்தது. நடுவூரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவப்பு.

"இந்தச் சிவப்பு வீடுகளிலை என்ன விசேசம்?"

யோசித்துப் பார்த்தேன். "அந்த வீடுகளிலை பொம்பிளைப் பிள்ளையள் இல்லை, சேர். எல்லாம் ஆம்பிளைப் பிள்ளையள்."

"அப்ப உம்மடை படத்தின்படி உப்புக் கடலாலை வரேல்லை. ஆம்பிளைப் பிள்ளையளாலைதான் வருது" என்றார் அவர். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, வேறு காரணத்தால்.

எங்களிடத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். கலியாணத் தரகர், பெண் கறுப்பா சிவப்பா என்று கேட்பதற்கு முன்பே கிணறு நல்ல தண்ணியோ என்று கேட்பார். உப்பென்று தெரிந்தால் வீட்டின் மதிப்பு இறங்கும், மாப்பிள்ளையின் மதிப்பு ஏறும். அப்படியிருக்க, பல்கலைக்கழகத்திலிருந்து ஒருத்தி போத்தலோடு வந்து நின்றால், குமரை வைத்திருக்கிற எந்தத் தாய் தன் கிணற்றை அள்ளிக் கொடுப்பாள்? பணியாரத்தைக் கொடுத்து என்னை இருத்திவிட்டு, பின்வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் கோயிலுக்கு ஓடியிருக்கிறார்கள். குடிக்க வைத்திருந்த குடத்திலிருந்து ஊற்றித் தந்தவர்களும் உண்டு. படத்தில் எல்லாவற்றையும்விட இனிமையான கிணறு எங்கள் வீட்டுக் கிணறு. அந்தப் போத்தலை நிரப்பித் தந்தது அம்மா.

"இந்த முறை நீரே உம்மடை கையாலை அள்ளும்" என்று சேர் அனுப்பிவைத்தார். இரண்டாம் தடவை எந்தப் படலையும் திறக்கவில்லை. படுத்துக் கிடந்த நாயைக் காட்டி, கடிக்கும் என்றார்கள். வாசலில் மனிசன் நிற்க, மனிசன் வீட்டில் இல்லை என்றார்கள். ஒரு மாமி மட்டும் நேரே சொன்னாள்: "முதல்லை உன்ரை வீட்டுக் கிணத்தை அள்ளிக் கொண்டுபோய்ப் படத்திலை போடு. பிறகு எங்கடையைப் பாப்பம்."

அதுதான் என்னால் முடியாதது. அக்காவுக்கு உடுவிலிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்தியிருந்தது. வீட்டைப் பார்க்க வருவதுதான் பாக்கி. நான் வாயைத் திறக்க முன்பே அம்மா, "உன்ரை அக்கான்ரை காரியம் முடியட்டும். அதுக்குப் பிறகு நீ கடலையே அள்ளு" என்றாள். அப்பா பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். எங்கள் வளவுதான் ஊரில் கடலுக்கு ஆகக் கிட்ட. அது இல்லாமல் படம் இல்லை. படம் இல்லாமல் எனக்கு அந்த இடமும் இல்லை. விட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தேன். இரண்டு நாள் யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தேன்.

மூன்றாம் நாள் சைக்கிளை எடுக்கப் போனால், கூடைக்குள் ஒரு போத்தல். பக்கத்தில் அக்கா நின்றாள்.

"எங்கடை கிணறு. நான்தான் அள்ளினனான். கொண்டுபோ."

"உனக்கென்ன விசரோ?"

"ஓம். அம்மா வரமுன்னம் போ."

போனேன். அளந்து முடிந்ததும், அந்த மாமி சொன்னபடியே, வாசிகசாலைச் சுவரில் புதுப் படத்தை ஒட்டினேன். அதில் ஒரேயொரு புள்ளி, எங்கள் வீடு, நல்ல இரத்தச் சிவப்பு. பின்னேரமே மாமிமார் கூட்டமாக வந்து பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் திருவிழாவிலும் கண்டதில்லை. எங்கள் கிணறுதான் ஆக மோசம் என்று ஆகிவிட்டதல்லவா, இனி மற்றவர்களுக்கு என்ன பயம்? "எங்கடையும் கொஞ்சம் கரிக்கும்தான், ஆனா உங்கடையளவுக்கு வராது" என்று என் கண் முன்னாலேயே வாளியை விட்டு அள்ளித் தந்தார்கள். சாத்திய படலைகள் எல்லாம் ஒரு மாதத்தில் திறந்துவிட்டன. சிவப்பு கடற்கரையோரம் கடுமையாகவும் உள்ளே போகப்போக வெளிறியும் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது.

தரகரும் வந்தார். "சாதகம் பொருந்தேல்லையாம்" என்றார். அதே சாதகம், அதே கிரகங்கள். அவர் போன பிறகு அக்கா, "பாத்தியே, சாதகத்துக்கையும் உப்பேறிப்போச்சு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. அம்மா என்னோடு கதைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிற சத்தத்திலேயே சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். எனக்கு அந்தப் படத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம் போல் இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

நேர்முகத்தில் கச்சேரிப் பெரியவர் ஒருவரும் இருந்தார். கடற்கரையோரம் மெசின் இறைப்பைக் குறைக்கவேண்டும், தூர்ந்த குளங்களை வெட்டி மழைநீரை இறங்கவிடவேண்டும் என்று நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தவர், கடைசியில் படத்தில் விரலை வைத்தார்.

"உந்த ஆகச் சிவப்பு, அது ஆரின்ரை வீடு?"

"எங்கடை வீடு" என்றேன். அவருக்கும் பெண்பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். படத்தைத் தானே சுருட்டி என் கையில் தந்தார்.

அந்த இடம் எனக்குத்தான் என்று சேர் அன்றைக்கே சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பறந்து வந்தால் அக்கா இல்லை. கோயில் கிணற்றடியில் இருந்தாள். நல்ல மத்தியானம். நேர்முகத்துக்குக் கட்டிய சேலையோடு அங்கே போய் நின்றேன்.

"கிடைச்சுதோ?" என்றாள், கயிற்றை விடாமலே.

"ஓம்."

"சந்தோசம். ஆனா ஒண்டு யோசிச்சனீயோ? அந்தக் கிணத்திலை பாதி உனக்கும் சீதனம். உன்ரை பாதியையும் சேர்த்துத்தான் சிவப்படிச்சு வைச்சிருக்கிறாய்."

நான் அதை யோசிக்கவே இல்லை. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. "ஏனக்கா அந்தப் போத்தலைத் தந்தனீ?" என்று கேட்டேன்.

அவள் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள்.

"அந்த வாத்தியார் நல்ல தண்ணியெண்டு நம்பி, என்னைக் கட்டி எங்கடை வீட்டிலை இருக்க வந்திருந்தால், அவர் எழும்ப முன்னம் நான் இருட்டோடை இஞ்சை வந்து அள்ளி, சத்தமில்லாமல் குடத்திலை ஊத்தி வைக்கவேணும். ஒரு நாளோ ரண்டு நாளோ? சாகும்வரைக்கும். பொய்யைச் சொன்னது அம்மா, அதைக் குடத்திலை காவுறது நானோ? என்னாலை ஏலாது. எனக்கு என்ரை நித்திரை பெரிசு."

சொல்லிவிட்டு ஒரு குடத்தை என் இடுப்பில் ஏற்றினாள், மற்றதைத் தான் எடுத்துக்கொண்டாள். பட்டப்பகலில், மாமிமார் படலைக்கு மேலால் எட்டிப் பார்க்க, ஒழுங்கைப் பாதை முழுக்கத் தண்ணீரைச் சிந்திக்கொண்டு இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.