அத்தை தொடாத ஊறுகாய் ஜாடி

மாதவிடாய் நாட்களில் என்னை ஊறுகாய் ஜாடி பக்கமே விடாதவர் என் மாமியார்.

இன்று காலை, "ஏட்டி, ஊறுகாய நீயே எடுத்துக்கோ. நான் தொடக்கூடாது" என்றார்.

அவருக்கு அது நின்றே பல வருஷம்! "திரும்ப வந்துட்டு. இளமை திரும்புதோ என்னமோ" என்று வெட்கம் வேறு.

கையோடு அவரைச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கூட்டிப் போனேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "நின்ன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் காட்டணும்மா. எடை கூடுனா ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் கூடி, கர்ப்பப்பை உள்சுவர் தடிச்சிரும். புற்றுநோயான்னு சதை எடுத்துப் பாத்துருவோம். ஆரம்பத்துலயே கர்ப்பப்பைய எடுத்துட்டா பெரும்பாலும் குணமாயிரும்."

திரும்பும் பஸ்ஸில் அத்தை என் கையை விடவே இல்லை. கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "எடுத்துட்டா, மாசம் பூரா ஊறுகாய நானே எடுக்கலாம்லா?"

சதை எடுத்தாச்சு, ரிசல்ட் அடுத்த வாரம். எனக்கு நாளைக்குத் தேதி. ஜாடியை எடுக்க வீட்டில் மிச்சம் மாமனார் மட்டும்தான். அடுக்களை எந்தப் பக்கம் என்று அவருக்கு யாராவது சொல்லுங்களேன்.