எழுத்து வராத டிஸ்க்

பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளை எல்லாரும் டோக்கன் அக்கா என்றே கூப்பிடுவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "உட்காருங்க, கூப்பிடறேன்" என்று அவள் சொல்கிற தோரணையிலேயே பாதி வலி ஓடிவிடும். மீதிக்குத்தான் டாக்டர்.

வீட்டில் அந்தத் தோரணை செல்லாது. அவள் புருஷன் பல வருஷம் அச்சகத்தில் மெஷினோடு மெஷினாக நின்று காதைப் பறிகொடுத்தவர். காதுக்கருவி மாட்டினால் தலைக்குள் தகரத்தை உருட்டுகிற மாதிரி இருக்கிறதென்று அதை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டார். சாப்பிடக் கூப்பிடக்கூட அவள் தெருவே கேட்கக் கத்தவேண்டும். கத்திக் கத்தி அலுத்து, முக்கியமில்லாத பேச்சையெல்லாம் அவள் கைவிட்டாள். அது போய்விட்டால் ஒரு வீட்டில் மிச்சமென்ன? கரண்ட் பில்லும் மாத்திரையும்தான்.

அந்த நேரத்தில்தான் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் வந்தது. கிளினிக்கில் அழுகிற பிள்ளைகளின் வாயை அடைக்க டாக்டர் வாங்கிப்போட்ட டிஸ்க்குகள் பழசானதும், இவள் வீட்டுக்குத் தூக்கிவந்தாள். காணாமல்போன அண்ணனைத் தேடிப் படகில் போகிற ஒரு பெண், கூடவே வாயாடி ஆடு ஒன்று. பேச்சு ஜப்பான் பாஷை, கீழே தமிழில் எழுத்து ஓடும். பேசுவது அவருக்குக் கேட்காது, அவளுக்குப் புரியாது. இருவருக்கும் எழுத்தே கதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆடு ஏதாவது சொன்னால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்காகவே அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

கதை முடிகிற டிஸ்க்குகள் உள்ள கடைசிப் பெட்டி மட்டும் டாக்டரிடம் இல்லை. அண்ணன் கிடைத்தானா இல்லையா என்று தெரியாமல் இருவருக்கும் மண்டை காய்ந்தது. ஆன்லைனில் தேடினாள். அசல் பெட்டி யானை விலை, குதிரை விலை. பக்கத்திலேயே, எங்கிருந்தோ இறக்குமதியாகிற இன்னொன்று அடிமாட்டு விலைக்குக் கிடந்தது. தமிழ்ப் பேச்சு, தமிழ் எழுத்து இரண்டுமே உண்டு என்று வேறு போட்டிருந்தார்கள்.

"அக்கா, விலையைப் பாத்தாலே சந்தேகமா இல்ல?" என்றார் டாக்டர்.

"எழுத்து வந்தாப் போதும் சார். அதுல என்ன ஏமாத்திடப் போறான்?" என்று அவள் பணத்தைக் கட்டிவிட்டாள்.

பெட்டி வந்தது. அட்டைப் படத்தில் ஆட்டுக்கு நாய் முகம். போட்டுப் பார்த்தால், இது வேறு நாட்டு டிஸ்க், ஓடாது என்று பிளேயர் துப்பிவிட்டது. எதிர்வீட்டு டிவி மெக்கானிக் வந்து, பிளேயருக்குள் ஏதோ பூட்டைத் திறந்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. பெண்ணுக்கும் ஆட்டுக்கும் வில்லனுக்கும் ஒரே ஆள் தூக்கக் கலக்கத்தில் தமிழ் பேசியிருந்தான், நடுநடுவே இருமல் வேறு. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தபடி திரும்பினாள். அவர் சிரிக்காமல் திரையின் கீழ்ப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்து எங்கம்மா?"

ரிமோட்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். எழுத்து இல்லவே இல்லை. விற்றவனைப் பிடிக்கலாமென்று போனில் தேடினால், அவன் கடையையே காணோம்.

"பேச்சுதாங்க வருது," என்று கத்தினாள்.

"பரவால்ல. நீ பாத்துட்டு அப்புறமா சொல்லு," என்று அவர் எழுந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தேவலை. அப்புறமா சொல்லுவதா? இதையும் கரண்ட் பில்லோடு சேர்த்துக் கத்துவதா?

அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். சத்தத்தைக் குறைத்தாள். திரையில் ஒலியின் அளவு இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் நிற்பதை அவர் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா குறைக்கிற? உனக்குத்தான் கேக்குமே?"

"அந்தாளு குரல் சகிக்கலீங்க." அதுவும் பொய்யில்லை.

கடைசியில் அண்ணன் கிடைத்தான். துறைமுகத்தில் தங்கையின் தோளைப் பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னான்.

"மன்னிப்புக் கேக்கறான்," என்றார் அவர்.

"அந்த மூஞ்சியா மன்னிப்புக் கேக்குது? எதுக்குடி வந்தேன்னு திட்டறான்."

"உனக்கு உங்க அண்ணன் ஞாபகம்."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க. டிஸ்க் வித்தவன்கூட நல்லவன்."

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காசுக்குப் பிரயோஜனமில்லாத அந்தச் சண்டையை இருவரும் தொண்டை கட்டுகிற வரை போட்டார்கள். சத்தத்தைக் கூட்டினால் யார் சொன்னது சரி என்று தெரிந்துபோகும்.

"மறுபடி போடு, நான் காட்டறேன்," என்றார் அவர்.

அவள் போட்டாள், சத்தம் வைக்காமலே.