மாதா படம் போட்ட புத்தகம்

வேளாங்கண்ணிக்கு நடந்துபோன கதையை நான் புத்தகமாகப் போட்டேன். தங்கச்சிமடத்தில் தையல்கடை வைத்திருக்கிறவளுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருவரும் படிக்கவும் இல்லை.

தப்பு அட்டையில் இருந்தது. மதுரையில் அச்சடித்துக் கொடுத்த தம்பி, "ரோட்டுப் படம் போடலாம்க்கா, வெயில்ல வரிசையா நடந்து போற மாதிரி" என்றுதான் சொன்னான். எனக்குச் சுள்ளென்று வந்தது. "மாதாகிட்டப் போன கதைக்கு ரோட்டுப் படமா? நான் என்ன ரோடு காண்ட்ராக்டா எடுத்திருக்கேன்?" என்றேன். அவன் வாயை மூடிக்கொண்டு, பட்டுச்சேலையில் குழந்தையோடு நிற்கிற மாதா படத்தைப் பளபளவென்று போட்டுக் கொடுத்தான். அது போதாதென்று கட்டுகளை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கினேன். அவர் தாராளமாகப் புனித நீர் தெளித்ததில் மேல்கட்டு ஊறி உப்பிப்போனது. என் மரமண்டைக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று கொடுத்தேன். வாங்கியவர்கள் அட்டையை உதட்டில் வைத்து முத்தி செய்து கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்புறம் வீடுகளுக்குப் போய்ப் பார்த்தால் புத்தகம் பீடத்தில் இருக்கிறது, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், பூ வைத்து. பக்கத்து வீட்டுக்காரி, காய்ச்சலாகக் கிடந்த மகளின் தலையணைக்கடியில் அதை வைத்துவிட்டு, "எக்கா, இதுல காய்ச்சலுக்கு எந்தச் செபம்?" என்று கேட்டாள். செபமா! நான் கால் கொப்புளத்தையும், மீமிசலில் செருப்பைத் தொலைத்ததையும், வழியில் மோர் கொடுத்த பாய் வீட்டுப் பெண்கள் என் காலைப் பார்த்து அழுததையும் எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த ஆகஸ்டில், நடக்கிறவர்களுக்குக் கொடுக்கலாம் என்று தொண்டி வரை பஸ்ஸில் போனேன். மாதா படத்தைக் கீழே வைக்கக் கூடாதென்று அவர்கள் அதையும் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். புண்ணான காலோடு போகிற ஜனங்களுக்கு நான் சுமை கூட்டியதுதான் மிச்சம்.

ஊரே படிக்காமல் போனாலும் பரவாயில்லை. எனக்கு அண்ணன் படிக்க வேண்டும்.

அண்ணன் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை, குடித்துவிட்டு அடிக்கிறவன். ஒரு வருஷத்தில் துணிப்பையோடு திரும்பி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அண்ணன் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கடலுக்குப் போய் வந்தால் நல்ல மீனாக எடுத்து என் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார். எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். எத்தனையோ நாள் அந்த மீனைப் பூனைக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் நடைப்பயணத்தில் தொண்டி தாண்டி, ஒரு புளியமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது அந்தக் கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன், காணோம். அவரும் என்னைப் போல ஏமாந்தவர்தானே என்று தோன்றியது. நன்றாக அழுதுவிட்டு எழுந்து நடந்தேன்.

திரும்பி வந்ததும் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் சண்டையென்றால் வாய்கிழியப் போடுவோம். இந்த மாதிரி விஷயத்துக்கு வாயே வராது. அதனால் எழுதினேன். அந்தப் புளியமரத்தடி அத்தியாயம் முழுக்க அண்ணனுக்குத்தான். மற்ற அத்தியாயங்களை எழுதியதே அது தனியாகத் தெரியக் கூடாது என்றுதான்.

அண்ணன் படிக்காத ஆளும் இல்லை. வடை மடித்து வந்த காகிதத்தைக்கூட எண்ணெயோடு விரித்துப் படிப்பார். வலைக்குவியலில் சாய்ந்துகொண்டு பேப்பரில் ஒரு வரி விடமாட்டார். நான் புத்தகத்தைக் கொடுத்தபோது கையைக் கைலியில் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, அப்புறமும் வாங்காமல், மதினியைக் கூப்பிட்டு வாங்கச் சொன்னார்.

"கையெல்லாம் கவிச்சி, தங்கச்சி. மந்திரிச்சது. குளிச்சிட்டு ஒரு நல்ல நாள்ல எடுத்துப் படிக்கிறேன்."

"அது செபப் புத்தகம் இல்லண்ணே. சும்மா கதைதான். படுத்துக்கிட்டே படிக்கலாம்."

"மாதாவ வச்சுக்கிட்டுப் படுக்கவா சொல்லுற?" என்று தரையைப் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் பீடத்துக்குத்தான் போகும். புத்தகம் அங்கேயே இருக்கும். மதினி அதற்குச் சரிகைத் துணியில் ஒரு உறை போட்டுவிட்டார், அதுவும் என்னிடமே தைத்து வாங்கி. "படிச்சாரா மதினி?" என்று கேட்டால், "தவக்காலத்துல படிக்கணும்னு சொல்லியிருக்காரு" என்பார். தவக்காலம் வந்தது, போனது. அண்ணே, தொண்டிகிட்ட நடந்ததை மட்டுமாவது படிண்ணே என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு என்ன கேடு? வீம்பு. அவராக எடுத்துப் படிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் அண்ணன் போய்விட்டார். நெஞ்சுவலி. ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. பெட்டியில் கிடத்தி, கையில் செபமாலையைச் சுற்றிய பிறகு, மதினி பீடத்திலிருந்து என் புத்தகத்தை எடுத்துவந்து அவர் நெஞ்சில் வைத்தார். "தங்கச்சி புத்தகத்த எம்புட்டுப் பக்தியா வச்சிருந்தாரு" என்று கதறினார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எனக்கு அதைப் பிடுங்கி, அந்த அத்தியாயத்தைப் பிரித்து, அத்தனை பேர் முன்னாலும் சத்தம்போட்டுப் படிக்க வேண்டும்போல் இருந்தது. படிக்கவில்லை.

கடைசி முத்தி கொடுக்க எல்லோரும் வரிசையில் வந்தார்கள். என் முறை வந்ததும் குனிந்து, அவர் காதில், "அண்ணே, எனக்கு உன் மேல கோவம் இல்லண்ணே" என்றேன். சொல்லி முடிக்க ஒரு மூச்சுகூட ஆகவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.