அருளப்பு அண்ணையின் பாட்டுக் குதிரைப் படங்கள்

அருளப்பு அண்ணையின் மகள் அழைத்தபோது நான் நகரின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில், கல்லூரி நூலகத்தில் வேலையாக இருந்தேன். "அன்ரி, அப்பா செத்துப்போனார்" என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். மிச்சத்தைப் பிரெஞ்சில் சொன்னாள். இந்தப் பனி மாரியில் இப்படிச் சாவு சொல்லி வந்த மூன்றாவது அழைப்பு இது. நான் அழவில்லை. கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போனேன்.

எங்கள் ஆக்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷனில், ஞாயிறு பூசை முடிந்ததும், கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் அவர் படம் போட்டதை நீங்கள் அறிவீர்கள். பூசைக்கு வராத சைவர்களும் படத்துக்கு வந்தார்கள். எல்லாம் பழைய ஹொலிவூட் படங்கள், அதிலும் ஒரே வகை: பரந்த வெளி, குதிரைகள், புதிதாக ஊர் அமைக்க வந்தவர்கள், அவர்களுடைய ஆட்டமும் பாட்டும். பாட்டுக் குதிரைப் படங்கள் என்போம். ஆங்கிலம் விளங்காத முதியவர்களுக்காக அண்ணை திரைக்குப் பக்கத்தில் மைக்கோடு நின்று கதை வாசிப்பார். அதைத் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை.

எனக்கு அந்தப் படங்களில் நம்பிக்கை இருந்ததில்லை.

"உந்த வானம் துணியிலை கீறினது, அண்ணை. குதிரைக்காரன்ரை நிழல் அதிலை விழுகுது பாருங்கோ" என்றேன் ஒருநாள்.

"கீறினது எண்டு எனக்கும் தெரியும். நீ பாட்டைக் கேள். உனக்குப் படிச்ச வருத்தம், பிள்ளை. அதுக்கு மருந்தில்லை."

"பாட்டிலை அப்பிடி என்ன கிடக்கு?"

"அவையள் நாள் முழுக்க மரம் அரிஞ்சுபோட்டுப் பேந்தும் ஆடினம், பாத்தியே? ஒருத்தருக்கும் கால் நோகேல்லை."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருடம் நின்ற கால்கள் அவருடையவை. அதன்பிறகு நான் வானத்தைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டு மாரிக்கு முன் ஒரு ஞாயிறு, "குடியேறியவர்கள் வண்டிகளில் வந்து இறங்குகிறார்கள்" என்று எழுதிக் கொடுத்தேன். அகராதிப்படி சரி. இந்த நாட்டில் நாங்களும் குடியேறியவர்கள்தான். அண்ணை அதை வாசித்ததும் முன்வரிசையில் இருந்த கதிரவேலு ஐயா எழும்பினார். திருகோணமலைப் பக்கம் அவருடைய வயல் அரசின் சிங்களக் குடியேற்றத் திட்டத்தில் பறிபோனது. அது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறேன்.

"தம்பி, உவையள் குடியேற முதல் அங்கை ஆர் இருந்தவை?"

"அது படத்திலை இல்லை, ஐயா."

"இராதுதானே."

அவர் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார். "ஆர் உந்தச் சொல்லை எழுதினது?" என்று பின்னால் ஒருவர் சத்தம் போட்டார். அண்ணை என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான்" என்றார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த கிழமை பாதிக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அண்ணை பனிக்குள் பக்கத்துப் பகுதியான வில்லரேக்கு நடந்து, ஐயாவின் வீட்டுக்கு மூன்று தரம் போனார். முதல் இரண்டு தரமும் கதவு திறக்கவில்லை. "நானும் வாறன்" என்று சொல்ல வேண்டியவள் நான். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. மூன்றாம் தரம் ஐயா உள்ளே கூப்பிட்டாராம்.

பிறகு வந்த ஒவ்வொரு படத்திலும், முதல் பாட்டுக்கு முன் அண்ணை தானாகவே ஒரு வசனம் சேர்த்துக்கொண்டார்: "இந்த இடத்திலை முதல் வேறை ஆக்கள் இருந்தவை. அவையைப் படத்திலை காட்டேல்லை." சொல்லிவிட்டு மைக்கை வைப்பார். பாட்டுத் தொடங்கும். அவருடைய சப்பாத்து தரையில் தாளம் போடும். அப்படிச் சொன்ன மனிதர் எப்படி இதையும் ரசிக்கலாம் என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் ஐயா திரும்பி வந்து கடைசி வரிசையில் இருந்தார். பாட்டுக்கு அவருடைய தலையும் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணையைப் பார்வைக்கு வைத்த அன்று, ஐயாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஐயா, அண்டைக்கு அந்தச் சொல்லை எழுதினது நான்."

அவர் சவப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும், பிள்ளை. அவனுக்கு அவ்வளவு நல்ல தமிழ் வராது."

"அப்ப ஏன் அண்ணைக்குக் கதவு திறக்கேல்லை?"

"நீ வருவாய் எண்டு பாத்தன்."

அந்த ஞாயிறு மண்டபத்தில் இருந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். அந்தச் சொல் என்னுடையது. அண்ணை அதைச் சாகும்வரை தன் பெயரில் வைத்திருந்தார். அவர் விட்டுப்போனதில் எனக்கு உரியது அது ஒன்றுதான். இனி அது என்னிடம் இருக்கும்.