முற்றத்தில் விழுந்து கிடந்த தேனீக்கள்

கதவைத் திறந்தபோது, இரவு மழை அடித்துக்கொண்டு வந்த சருகுகள் என்றுதான் நினைத்தேன். சிமெண்ட் முற்றத்தில் அங்கங்கே பழுப்பாகக் கிடந்தன. கூட்டித் தள்ளத் துடைப்பத்தோடு குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். சருகுக்குக் கால்கள் இருந்தன. அவை மெல்ல அசைந்தன.

தேனீக்கள். எங்கள் தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே நின்ற கற்பூர மரத்தில் பெரிய கூடு ஒன்று இருந்தது. ராத்திரிக் காற்றில் அந்தக் கிளையே முறிந்து சரிவில் கிடந்தது. கூட்டம் எங்கோ பறந்துவிட்டது. நனைந்து, குளிரில் விறைத்துப் போனவை மட்டும் எங்கள் வாசலில்.

வேறு யார் வாசலாக இருந்தாலும் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். என் கணவருக்குத் தேனீ ஆகாது. போன வருஷம் கழுத்தில் ஒரே ஒரு தேனீதான் கொட்டியது. ஜீப் குன்னூர் ஆஸ்பத்திரியை எட்டுவதற்குள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, என் மடியில் கிடந்து மூச்சுக்குத் தவித்தார். அடுத்த முறை இதைவிட மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லி, எப்போதும் கூடவே வைத்திருக்க மாத்திரையும் கொடுத்து அனுப்பியிருந்தார். இப்போது என் கணவர் டீ ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும் நேரம்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க அக்கா, என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? சீமாத்துல கூட்டி அடுப்புல போடுங்க. அண்ணன் வர நேரமாச்சு."

அவள் சொன்னதுதான் சரி. கூட்டத் துடைப்பத்தைத் தரையில் வைத்தேன். ஒரு தேனீ அதன் ஈர்க்கைப் பற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தது. பாதி ஏறிச் சறுக்கியது. மறுபடி ஏறியது. எனக்குக் கை வரவில்லை.

முறத்தில் பழைய துண்டை விரித்தேன். தேயிலைச் செடியின் இலை ஒன்றால் ஒவ்வொன்றாக ஏந்தி அதில் விட்டேன். காய்ச்சலில் சோர்ந்த பிள்ளைக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்போமே, அதுதான் நினைவுக்கு வந்தது. கரைத்து, கரண்டி நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஒன்றின் முகத்தருகே வைத்தேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நூல் போல ஒரு நாக்கு நீண்டது.

வெயில் முற்றத்தைத் தொட்டது. முறத்தில் இருந்தவை உடம்பை உதறத் தொடங்கின. முறத்தைத் தூக்கிக்கொண்டு போய் லைன் கோடிக்கு அப்பால், தேயிலைச் செடிகளின் மேல் வைத்துவிட்டு ஓடி வந்தேன். மிச்சம் இருந்தவற்றை எடுப்பதற்குள் கீழே படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க! அங்கயே நில்லுங்க! மேல வராதீங்க!"

"ஏன், என்னாச்சு?" என்றபடி கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் தரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. கம்பியில் ஒன்று உட்கார்ந்திருந்ததை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. அது அவருடைய ஸ்வெட்டர் கைக்கு மாறி, மணிக்கட்டை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"தட்டிடாதீங்க. அசையாதீங்க. நான் வரேன்."

ஒவ்வொரு படியாக இறங்கினேன். தட்டினால் கொட்டும், ஊதினாலும் கொட்டலாம். கையில் இருந்தது அந்தக் கரண்டிதான். அதை அவர் மணிக்கட்டுக்கு முன்னால் நீட்டினேன். சாய்ந்ததில் சர்க்கரைத் தண்ணீர் அவர் விரலில் சொட்டியது. தேனீ நின்றது. உணர்கொம்பால் கரண்டி விளிம்பைத் தடவியது. ஒரு கால், இன்னொரு கால், பிறகு முழு உடம்பும் கரண்டிக்கு வந்தது.

அதைச் செடியில் விட்டுத் திரும்பும்போது அவர் படியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"நான் செத்துட்டா இதுகதான் உனக்குச் சோறு போடுமா?"

அவர் பின்வாசல் வழியாக உள்ளே போய் ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். அன்றைக்குச் சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டார். மத்தியானத்துக்குள் முறத்தில் இருந்தவை பெரும்பாலும் பறந்துவிட்டன. சில எழவே இல்லை. அவற்றைச் செடிக்கடியில் தள்ளினேன். அவர் கோபம் நியாயம் என்றே பட்டது. ஆனால் மறுபடி அப்படி நேர்ந்தாலும் முறத்தைத்தான் எடுப்பேன் என்று தோன்றியது.

மறுநாள் காலை அவர் குரல் கீழேயிருந்து கேட்டது.

"ஏ புள்ள, இங்க வழியில ஒண்ணு கெடக்குது. உசுரு இருக்குது. கரண்டி எடுத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். மாத்திரை வைத்திருக்கும் சட்டைப்பையை ஒரு கையால் அழுத்தியபடி, வெகுதூரம் தள்ளி நின்றிருந்தார். ஷிப்ட் முடிந்து பின்னால் வந்த ஆட்களை வேறு பக்கமாகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.