காலி சீட்டு வெர்லீன்

தூண் மறைவில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வெர்லீன் டக்கெட் ஷூ மாற்றுகிறாள். நடைக்கு ரப்பர் அடி வைத்த கேன்வாஸ் ஷூ. கதவைத் தட்டுவதற்குக் குதிகால் உயர்ந்த கறுப்பு ஜோடி. கழற்றியது துணிப்பைக்குள் போகும், பையிலிருந்தது காலுக்கு வரும். வாஷிங்டனில், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களுடைய அலுவலகங்கள் இருக்கும் இந்தக் கட்டடத்தில், ஒவ்வொரு வாசலுக்கும் இதே கூத்துதான். கேட்டால், "இந்தப் பளிங்குத் தரை மனுஷங்களுக்குப் போட்டது இல்ல, சிலைகளுக்குப் போட்டது," என்பாள்.

சின்ன ஊர் விமான நிலையங்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அந்தச் சங்கத்துக்காக உறுப்பினர்களிடம் போய்ப் பேசுவது அவள் பிழைப்பு. ஊர் வாயில் லாபிக்காரி. அந்தப் பெயருக்கு அவள் வருத்தப்பட்டதில்லை. வயது அறுபதை நெருங்குகிறது, முட்டி வலி உண்டு, ஆனாலும் எந்த அலுவலகத்திலும் காத்திருக்கும்போது உட்காரமாட்டாள். தோல் சோபாவைக் காட்டி எவ்வளவு உபசரித்தாலும் வரவேற்பு மேசைக்கு நேர் எதிரே நெடுமரமாக நிற்பாள். "உக்காந்தா நம்மள மறந்துருவாங்க. நின்னா அவங்களுக்கு உறுத்தும்ல."

சட்டத்துக்கு அவள் பயப்படுகிற பயம் வேறு ரகம். லாபிக்காரர்கள் உறுப்பினர்களுக்கு உட்கார்த்திவைத்து விருந்து போடக்கூடாது என்று விதி. நின்றபடி பல்குச்சியில் குத்தித் தின்கிற தீனி என்றால் பாதகமில்லை. மற்றவர்கள் அந்தப் பல்குச்சியைப் பிடித்துக்கொண்டு இறாலும் இறைச்சியுமாக ஒரு கல்யாணப் பந்தியே நடத்திவிடுவார்கள். வெர்லீனோ ஒரு வாய் காபிகூட யாருக்கும் கொடுத்தவள் இல்லை. தன் பிளாஸ்கைத் திறக்கும்போதுகூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஏதாவது சந்தேகம் வந்தால் சபையின் நன்னடத்தை அலுவலகத்துக்கு உடனே போன் போடுவாள். அங்கே இருக்கிற இளைஞனுக்கு அவள் "ஹலோ" என்று சொன்னாலே போதும், பெருமூச்சு விடுவது இந்தப் பக்கம் கேட்கும்.

அவளுக்கு ஜென்ம விரோதி என்றால் டெக்ஸ்டர். வரிப் பணத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லும் அமைப்பின் ஆள். நல்ல துணியும் நல்ல பல்லும் உள்ளவன். சின்ன ஊர்களுக்கு ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானங்கள் போகின்றன. பாதி நாள் சீட்டு நிறையாது. விழும் துண்டை அரசாங்கம் போடுகிறது. அதை நிறுத்த வேண்டும் என்பதுதான் டெக்ஸ்டரின் கட்சி. நடையில் அவளைப் பார்த்தால் விடமாட்டான்.

"என்ன காலி சீட்டு, இன்னைக்கு எத்தனை பேயி பறக்குது?"

"உங்களுக்கும் ஒரு சீட்டு பிடிச்சு வச்சிருக்கேன் டெக்ஸ்டர். தாத்தா ஊருக்குப் போகணும்னா சொல்லுங்க."

விமானப் போக்குவரத்துச் சட்டம் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்க வரும். வரும்போதெல்லாம் யாராவது கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த முறை வந்த திருத்தம், டென்வர் போன்ற பெரிய விமான நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் காரில் போகக்கூடிய ஊருக்கெல்லாம் உதவியை வெட்டு என்றது. அந்தக் கணக்கில் நெப்ராஸ்கா மாநிலத்தின் கெல்டனும் அடிபடும், அதைப்போல இன்னும் பல ஊர்களும் அடிபடும். கெல்டனுக்கு ஒரு விமானம் கொண்டுவர வெர்லீன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊர்க்காரர் ஹால்வர் நீல்சன்தான் அந்தத் தொகுதியின் உறுப்பினர். எழுபது தாண்டிய மாட்டுப் பண்ணைக்காரர். திருத்தத்தின் மேல் ஓட்டுப் போடும் குழுவில் அவரும் ஒருவர். அங்கே தலைகளை எண்ணிப் பார்த்ததில் சரிக்குச் சரி வந்தது. சரிக்குச் சரி என்றால் திருத்தம் தோற்றது என்று அர்த்தம். ஆனால் நீல்சன் நேரில் இருந்து ஓட்டுப் போட வேண்டும்; அவருக்காக இன்னொருவர் போட முடியாது.

குழு கூடியது வியாழக்கிழமை. வியாழன் மதியத்துக்கு மேல் இந்தக் கட்டடத்தில் உறுப்பினர்களுக்கு உடம்பு மட்டும்தான் இருக்கும். மனசு விமான நிலையத்துக்குப் போய்விடும். நடையெங்கும் சக்கரப் பெட்டிகளின் கடகட சத்தம்.

காலையிலேயே நீல்சன் கேட்டார். "ஏம்மா வெர்லீன், மதியத்துக்குள்ள முடிஞ்சிடுமா? ஊருல என் சின்ன வயசுக் கூட்டாளி ரூடி செத்துப்போயிட்டான். நாளைக்குக் காலையில அடக்கம். சவப்பெட்டியைத் தூக்குற ஆறு பேர்ல ஒருத்தன் நான். அவனே கேட்டுட்டுப் போயிருக்கான்."

"முடிஞ்சிடும் சார். தைரியமா டிக்கெட் போடுங்க."

இந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவள் சொல்லக்கூடாத வார்த்தை அது. விவாதம் முடிந்ததுமே கையோடு ஓட்டு நடக்கும் என்று நினைத்துவிட்டாள். தலைவரோ ஓட்டுகளையெல்லாம் ஒத்திவைத்து, கடைசியில் மொத்தமாக எடுப்போம் என்று அறிவித்தார். உறுப்பினர்கள் சோர்ந்து கிளம்பிப் போகட்டும் என்று தலைவர்கள் செய்கிற பழைய வித்தைதான். வெர்லீனுக்கு அது தெரியாததல்ல. அன்றைக்கு என்னவோ மறந்துபோயிற்று.

மூன்று மணிவாக்கில் குழு அறைக் கதவு திறந்தது. நீல்சன் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த டெக்ஸ்டர் போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தான். வெர்லீன் குதிகால் ஷூ டக்டக்கென ஒலிக்க லிப்ட் வரைக்கும் அவர் கூடவே நடந்தாள்.

"சார், நீங்க போனா கெல்டன் போச்சு."

"தெரியும்." அவர் லிப்ட் பொத்தானை அமுக்கினார். "சாயங்காலம் டென்வர்லேர்ந்து கிளம்புற ஊர் ஃப்ளைட்டை விட்டா அடுத்தது நாளைக்கு மத்தியானம். அதுக்குள்ள ரூடியை மண்ணுல வச்சிடுவாங்க."

"ஆமா சார்."

"என்னை வீட்டுல கொண்டு சேர்க்கத்தானே அந்த ஃப்ளைட்டைக் கொண்டுவந்த. இப்ப நீயே ஏறாதேங்கிற."

"ஆமா சார். அந்த ஃப்ளைட்டு அப்புறமும் பறக்கணும்ல."

"மதியத்துக்குள்ள முடியும்னியே."

"சொன்னேன். தப்பு என்னோடது. உங்ககிட்ட இதைக் கேக்க எனக்கு வெக்கமா இருக்கு. ஆனாலும் கேக்குறேன்."

லிப்ட் வந்தது, கதவு திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது. நீல்சன் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியைத் திருப்பி இழுத்துக்கொண்டு குழு அறைக்குள் போனார்.

வெர்லீன் வெளியே நின்றாள். பெயர் பெயராகக் கூப்பிடுவது கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டது. நீல்சனின் "இல்லை" மற்றவர்களுடையதைவிடச் சத்தமாக விழுந்தது. சரிக்குச் சரி, திருத்தம் தோற்றது. டெக்ஸ்டர் கோட்டை மாட்டிக்கொண்டு, "கெட்டிக்காரிதான். பெட்டி தூக்கப் போறவரையே நிறுத்திட்டியே," என்று சொல்லிவிட்டுப் போனான். அவளுக்குச் சுருக்கென்றது. ஜெயித்த சந்தோஷம் அவளிடம் ஒரு துளிகூட இல்லை.

நீல்சன் வந்தார். அவளைப் பார்க்கவில்லை. போனில் விமானக் கம்பெனிக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார்: டென்வர் போகக் கடைசி விமானம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. அங்கிருந்து கெல்டனுக்கு வாடகைக் கார்தான், ஐந்து மணி நேர இருட்டு.

"சார், உங்களுக்குத்தான் கண்ணுல புரை. ராத்திரியில ரோட்டோட கோடு தெரியாதே."

"தெரியாதுதான். ஆபீஸ் பையனைச் சொந்த வேலைக்கு இழுக்கக் கூடாது. வீட்டுல யாரு இருக்கா வர்றதுக்கு? வீட்டுக்காரி போய்த்தான் வருஷமாச்சே. மெதுவாப் போவேன்."

"நான் ஓட்டுறேன்."

நீல்சன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். "லாபிக்காரி எனக்கு டிரைவரா? சட்டம் என்ன சொல்லும்?"

வெர்லீன் அதற்குள் நன்னடத்தை அலுவலகத்தைக் கூப்பிட்டுவிட்டாள். சத்தத்தைக் கூட்டி இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். இளைஞன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். இலவசமாக ஓட்டிக் கொடுப்பதும் பரிசுக் கணக்கில்தான் வரும் என்றான். நண்பர்கள் என்றால் விதிவிலக்கு உண்டு.

"நீங்க ரெண்டு பேரும் நண்பர்களாம்மா? வேலைக்கு வெளியில பழக்கம் உண்டா? பொறந்தநாளுக்கு ஏதாவது கொடுத்து வாங்கியிருக்கீங்களா?"

வெர்லீன் நீல்சனைப் பார்த்தாள். அவருடைய கண் புரை தெரியும், மனைவி இறந்த வருஷம் தெரியும், மாடுகளின் பெயர்கூடத் தெரியும். எல்லாமே ஓட்டுக்காகத் தெரிந்துகொண்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்துவிடும். நீல்சன் பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல," என்றாள் வெர்லீன்.

"அப்ப கூடாதும்மா."

"சரி தம்பி, இன்னொரு சந்தேகம். டென்வர்ல நான் என் காசுல ஒரு கார் எடுக்குறேன். பொது ரோட்டுல மெதுவாப் போறேன். எனக்குப் பின்னாடி யாரு வர்றாங்கன்னு நான் பாக்கணுமா?"

இளைஞன் எதையோ புரட்டுகிற சத்தம் வந்தது.

"அது ரோடும்மா," என்றான். "யாரு வேணா வரலாம்."

வெர்லீன் போனைப் பைக்குள் போட்டாள். "என் வண்டியோட சிவப்பு விளக்கை மட்டும் பாத்துட்டே வாங்க சார். கோடு தெரிய வேண்டாம்." பிறகு, அத்தனை வருஷமும் அவள் தொட்டுக்கூடப் பார்க்காத நடை பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, குதிகால் ஷூவைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, கேன்வாஸ் ஷூவின் கயிற்றை இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டாள்.